மண்டபத்தில் பாட்டு நின்றால்... டிஜே தம்பிக்கு லேப்டாப் வாங்கிய கதை!

இரவு எட்டரை மணி. காங்கயம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு நடந்து வரும் நேரம். புகை மெஷின் ஓடுகிறது, வண்ண விளக்குகள் சுழல்கின்றன, போட்டோகிராபர் பின்பக்கமாகவே நடந்தபடி படம் எடுக்கிறார். பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எதுவுமே இல்லை. மொத்த மண்டபமும் திரும்பி டிஜே மேஜையைப் பார்த்தது.

அந்த மேஜைக்குப் பின்னால் வியர்த்து நின்றவன் என் அக்கா மகன். கறுத்துப்போன லேப்டாப் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்ப ஆன் செய்து, மென்பொருளைத் திறந்து, பாட்டைத் தேடிப் போடுவதற்குள் ஆறு நிமிஷம் ஓடிவிட்டது. மாப்பிள்ளையும் பொண்ணும் சத்தமில்லாமலேயே நடந்து போய் உட்கார்ந்துவிட்டார்கள். பேசிய தொகை 8,000 ரூபாய். கைக்கு வந்தது 3,000. "எம் பொண்ணு கல்யாணம் இனியொரு தடவை நடக்குமாப்பா?" என்று பொண்ணோட அப்பா கேட்ட கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. நமக்கும் இல்லை.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தான். "மாமா, நல்ல லேப்டாப் ஒண்ணு வாங்கோணுங்க. கேமிங் லேப்டாப். 70,000 ஆகுமாம். இஎம்ஐ போட்டுக்கலாங்க."

அக்காவிடம் இருந்தது 30,000 ரூபாய். மாசச் சீட்டு எடுத்த பணம். "ஏஞ்சாமி, இருக்கறத வெச்சு ஓட்ட முடியாதா?" என்று கேட்டாள். அவன் பகலில் வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். சனிக்கிழமை சம்பளம் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போகிறது. முகூர்த்த மாதங்களில் வரும் டிஜே வருமானத்தில்தான் தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அப்படியிருக்க, 70,000 ரூபாய்க்கு மாதத் தவணை கட்ட முடியுமா?

முடியாது என்று தெரிந்ததும், 'இந்த வேலைக்கு உண்மையிலேயே என்ன லேப்டாப் வேண்டும்?' என்று விசாரிக்க ஆரம்பித்தோம். அதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு டிஜே தம்பியோ தங்கையோ இருந்தால் உதவும்.

மைக் செட்டில் இருந்து லேப்டாப் வரை

எங்கள் சின்ன வயசில் டிஜே என்ற பேச்சே கிடையாது. 'ரேடியோ செட்'காரர்தான். மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, இசைத்தட்டைச் சுழலவிட்டு, முள்ளை மெதுவாக வைப்பார். பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது. எந்தக் காலத்திலும் அந்த மேஜைக்காரரின் முதல் கடமை ஒன்றுதான்: விசேஷம் முடிகிறவரை பாட்டு நிற்கக் கூடாது.

இன்று உலகமெங்கும் இருக்கும் இந்த டிஜே கலாசாரத்தின் ஒரு தொடக்கப் புள்ளி, துணியோடு சம்பந்தப்பட்டது. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க நினைத்தார். கீழ்த்தளத்தில் ஒரு பார்ட்டி வைத்து, நுழைவுக் கட்டணம் வசூலித்தார். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்ப்பெல். 'டிஜே கூல் ஹெர்க்' என்று உலகம் அறிந்தவர். ஹிப்-ஹாப் இசை பிறந்த நாளாகப் பலரும் குறிப்பிடுவது அந்த நாளைத்தான். உலகத்துக்கே துணி தைத்து அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது, எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அன்று ஹெர்க் கையில் இருந்தவை இரண்டு இசைத்தட்டு மேஜைகள். இன்று அந்த இரண்டு மேஜைகளும் லேப்டாப்புக்குள் போய்விட்டன. செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், டிராக்டர், விர்ச்சுவல் டிஜே போன்ற மென்பொருள்கள் பாட்டை ஓட்டுகின்றன. முன்னால் இருக்கும் 'கன்ட்ரோலர்' என்ற பெட்டியில் சக்கரங்களும் தள்ளுகட்டைகளும் உள்ளன. அது யுஎஸ்பி ஒயர் வழியாக லேப்டாப்புடன் பேசுகிறது. பெரும்பாலான கன்ட்ரோலர்களுக்குள்ளேயே சவுண்ட் கார்டு இருப்பதால், ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி அதிலிருந்துதான் வெளியே வருகிறது. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம்.

அன்றைக்கு ஏன் நின்றது?

பழைய லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, ஸ்குரூ கழற்றி அடிமூடியைத் திறந்தோம். திருப்பூர்க்காரர்களுக்குப் பார்த்தவுடன் புரியும் காட்சி. ஃபேன் காற்றை வெளியே தள்ளும் இடத்தில், மெத்தை மாதிரி பஞ்சு அடைத்திருந்தது!

அவர்கள் வீட்டை ஒட்டியே ஒரு பவர் டேபிள் யூனிட். ஓவர்லாக்கில் இருந்து பறக்கும் பஞ்சு காற்றோடு வந்து எல்லா இடத்திலும் படியும். லேப்டாப் ஃபேன் அதை நாள் முழுக்க உறிஞ்சியிருக்கிறது. வெப்பம் வெளியேற வழியில்லை. பிராசஸர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். பக்கத்திலேயே புகை மெஷின், மேலே சுடும் விளக்குகள், நிரம்பி வழியும் மண்டபம். அணையாமல் இருந்தால்தான் அதிசயம்.

இன்னொரு பலவீனமும் தெரிந்தது. அதில் இருந்தது பழைய வகை ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுழல, ஊசி நகர்ந்து படிக்கும் வகை. பெரிய பேஸ் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால், அந்த அதிர்வில் படிக்கும் வேலை தடுமாறும்.

'பாட்டுச் சத்தம் கம்ப்யூட்டரை நிறுத்துமா?' என்று சந்தேகம் வருகிறதா? 2022 ஆகஸ்டில், மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் ஒரு பழைய சம்பவத்தை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டின் வீடியோவைப் போட்டால் சில லேப்டாப்கள் நின்றுபோயினவாம். பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்கூட நின்றதாம்! பாட்டில் இருந்த ஒரு குறிப்பிட்ட அதிர்வெண், அந்த ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனதுதான் காரணம். அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டும் ஏற்பாட்டைச் சேர்த்த பிறகே பிரச்னை தீர்ந்தது.

எஸ்எஸ்டி என்ற புதிய வகைச் சேமிப்பில் சுழலும் பாகமே கிடையாது. அதனால் இந்த அதிர்வுப் பயமும் இல்லை. நாங்கள் எழுதிய முதல் விதி இதுதான்: எஸ்எஸ்டி இல்லாத லேப்டாப் மண்டபத்துக்குள் போகக் கூடாது.

வேகத்தைவிட நிதானம் முக்கியம்

ஒலியைத் தருவதற்கு லேப்டாப் என்ன செய்கிறது? தையல் டேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். டெய்லர் தைத்துக்கொண்டே இருக்கிறார். கைமடி, பீஸ் பீஸாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கைமடி ஒரு நொடி தாமதித்தாலும் டெய்லர் கை நிற்கும்.

லேப்டாப்பும் ஒலியைச் சின்னச் சின்னக் கட்டுகளாகத்தான் கொடுக்கிறது. ஒரு வினாடி ஒலியில் 44,100 துளிகள். மென்பொருளில் 'பஃபர்' 512 என்று வைத்தால், வினாடிக்குச் சுமார் 86 கட்டுகளைத் தவறாமல் கொடுக்க வேண்டும். ஒரு கட்டு தாமதமானாலும் 'டிக்' என்றோ 'கர்ர்' என்றோ சத்தம் கேட்கும். 128 என்று குறைத்தால் கைச்சக்கரத்துக்கு ஒலி உடனே பதில் சொல்லும். ஆனால் லேப்டாப்புக்கு வேலை நான்கு மடங்கு நெருக்கடியாகும். கல்யாண ரிசப்ஷனுக்கு 256 அல்லது 512 போதும்.

ஆக, டிஜே லேப்டாப்புக்கு வேண்டியது ஒரே பாய்ச்சலில் ஓடும் வேகம் இல்லை. நாலு மணி நேரம் ஒரே சீராக ஓடும் நிதானம். கேமிங் லேப்டாப்பின் விலையில் பெரும்பங்கு, தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. சாதாரணமாகப் பாட்டு மிக்ஸ் செய்ய அது தேவையே இல்லை. கூடவே எடையும் சூடும் ஃபேன் சத்தமும் அதிகம்.

இதைச் சொன்னதும் பையன் முகம் வாடிவிட்டது. பின்பக்கம் சிவப்பு லைட் எரியும் லேப்டாப் மேல் அவனுக்கு ஒரு கண். "கெத்தா இருக்குங்க மாமா" என்றான். "ஆறு நிமிஷம் நின்னா கெத்து இருக்குமா கண்ணு?" என்றாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கடையில் "ஐ5 லேப்டாப் சார், சூப்பர் ஸ்பீடு" என்பார்கள். ஐ5 என்பதில் பத்து வருடப் பழசும் உண்டு, போன வருடத்துப் புதுசும் உண்டு. பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் எண்ணை.

ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பார்த்து, பதினொன்றாம் தலைமுறை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் பெரிய தாவல். 'யு' வகை ஐ5-இல் ஏழாம் தலைமுறை வரை இரண்டு கோர்தான். எட்டில் இருந்து நான்கு கோர். இரண்டு டெய்லர் செய்த வேலையை நான்கு டெய்லர் செய்வது மாதிரி.

எட்டாம் தலைமுறையைப் பார்த்து வாங்க இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறையாக ஏறும். ஏழாம் தலைமுறை லேப்டாப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதற்கு எதிர்காலம் கிடையாது.

மற்ற விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ரேம்: குறைந்தது 8 ஜிபி. 16 இருந்தால் நிம்மதி. பாட்டில் இருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் 'ஸ்டெம்ஸ்' வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு 16 ஜிபியும், இன்னும் வலுவான பிராசஸரும் வேண்டும்.

சேமிப்பு: 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு எம்பி3 பாட்டு, நிமிஷத்துக்குச் சுமார் 2.4 எம்பி இடம் எடுக்கும். நாலு நிமிஷப் பாட்டுக்கு 10 எம்பி என்று வைத்துக்கொண்டால், 10,000 பாட்டுக்கு 100 ஜிபி. விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் இடம் போக, 256 ஜிபி நெருக்கமாகத்தான் இருக்கும். 512 ஜிபி தாராளம்.

யுஎஸ்பி துளைகள்: பழைய அகல வடிவத் துளை இரண்டாவது வேண்டும். ஒன்று கன்ட்ரோலருக்கு, ஒன்று பென் டிரைவுக்கு. நடுவில் மலிவான ஹப் வைத்தால், ஆட்டத்தில் யாராவது ஒயரை இடறினாலே இணைப்பு போய்விடும்.

தவிர்க்க வேண்டியவை: செலரான், பென்டியம் என்று போட்ட குறைந்த விலை லேப்டாப்கள். படிக்க, எழுத, படம் பார்க்க அவை போதும். மண்டபத்தில் நாலு மணி நேரம் நிற்க அவற்றை நம்ப முடியாது.

புதுசா... பழசா?

30,000 ரூபாய்க்குள் புது லேப்டாப் பார்த்தால், பெரும்பாலும் நாம் தவிர்க்க நினைத்த வகைதான் கண்ணில் பட்டது. அதே பணத்துக்கு, பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்த 'பிசினஸ்' லேப்டாப்கள் கிடைக்கின்றன. லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் எட்டாம் தலைமுறைக்கு உதாரணம். மூன்றுமே 2018-இல் வந்தவை. மூன்றிலும் ரேமைக் கழற்றி மாற்றலாம். எஸ்எஸ்டியையும் மாற்றலாம். அடிமூடியைத் திறந்து பஞ்சைத் துடைப்பதும் சுலபம். நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம்!

ஆப்பிள் பக்கம் போக நினைப்பவர்களுக்கு, 2020 இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏர் நல்ல தேர்வு. அதில் ஃபேனே கிடையாது என்பதால் பஞ்சை உள்ளே இழுக்காது. ஆனால் ரேமை மாற்ற முடியாது. இருப்பவை இரண்டு யுஎஸ்பி-சி துளைகள் மட்டும்தான். எங்கள் பட்ஜெட்டுக்கு அது எட்டவில்லை.

பழசு வாங்கலாம் என்று முடிவானதும், எனக்குப் பயம் வந்தது. அப்போதுதான் கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அப்பா வாயைத் திறந்தார். பையனுக்கு அவர் அப்புச்சி. நாற்பது வருடம் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். பழைய மெஷின் வாங்குவதற்குமுன் முதலாளிகள் அவரைத்தான் கூட்டிப்போவார்கள்.

"பெயின்ட்டப் பாத்து மெஷின் வாங்காதீங்க. ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. அப்புறம் மோட்டார் மேல கையை வெச்சுப் பாருங்க. கை தாங்குச்சுன்னா வாங்குங்க" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. அப்புச்சியையும் கூட்டிக்கொண்டே கடைக்குப் போனோம்.

கடையில் செய்த ஏழு சோதனைகள்

1. கன்ட்ரோலரையும் பாட்டுகளையும் கையோடு எடுத்துப் போனோம். மென்பொருளை ஏற்றி, ஒரு மணி நேரம் கடையிலேயே ஓட்டினோம். முதல் கடைக்காரர் மறுத்தார். "சரிங்க" என்று வந்துவிட்டோம். அடுத்த கடைக்காரர் ஸ்டூல் போட்டு டீயும் சொன்னார்.

2. 'லேட்டன்சிமான்' என்ற இலவச மென்பொருளைப் பக்கத்தில் ஓடவிட்டோம். ஒலி தடையில்லாமல் போகுமா, எந்த டிரைவர் குறுக்கே விழுகிறது என்று அது காட்டும். பச்சையில் இருந்தால் நல்லது. சிவப்பு வந்தால், வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் சிவப்பு என்றால் வேறு லேப்டாப்.

3. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொன்னோம். விண்டோஸிலேயே இந்த வசதி இருக்கிறது. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். பாதிக்கும் கீழே போயிருந்தால், புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம்.

4. பயாஸ் திறக்கிறதா என்று பார்த்தோம். கம்பெனியில் இருந்து வந்த சில லேப்டாப்களில் பாஸ்வேர்டு பூட்டோ, தூரத்தில் இருந்து முடக்கும் ஏற்பாடோ நீக்கப்படாமல் இருக்கும். பின்னாளில் தலைவலி.

5. சார்ஜர் அந்த லேப்டாப்புக்கு உரிய வாட்ஸ்தானா என்று பார்த்தோம். குறைந்த வாட்ஸ் சார்ஜர் போட்டால், சில லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

6. ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் ஒயரைச் செருகி, லேசாக அசைத்துப் பார்த்தோம். ஆடும் துளை ஆபத்து.

7. சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேட்டோம். பில் இல்லாத லேப்டாப் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? வாரன்டியும் பில்லிலேயே எழுதி வாங்கினோம்.

ஒரு மணி நேரம் முடிந்தது. அப்புச்சி லேப்டாப்பைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்தார். முதலாவது சுட்டது. "இது வேண்டாம்." இரண்டாவதற்கு இன்னொரு மணி நேரம். கை வைத்தார், தலையசைத்தார். பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 24,500 ரூபாய். சீட்டுப் பணத்தில் மிச்சம் 5,500.

வாங்கியதும் செய்தது

டிஜே லேப்டாப் டிஜே லேப்டாப்பாகவே இருக்க வேண்டும். தங்கச்சி அசைன்மென்ட், சினிமா, கேம் எல்லாம் வேறு இடத்தில். அவன் சில விஷயங்களைச் செய்துவைத்தான். பவர் செட்டிங்கை முழுத் திறனுக்கு மாற்றினான். மூடியை மூடினாலும் தூங்காதபடி வைத்தான். யுஎஸ்பிக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதியை அணைத்தான். அப்டேட்டை வேலை இல்லாத நாளில் முடித்துவிட்டு, வேலை நாளில் தள்ளிவைத்தான். மண்டபத்துக்குப் போனதும் வைஃபை, ப்ளூடூத், நோட்டிஃபிகேஷன் மூன்றையும் அணைத்துவிடுவான். பாட்டை இன்டர்நெட்டில் இருந்து நேரடியாக ஓட்டுவது இல்லை. கூட்டம் நிறைந்த மண்டபத்தில் சிக்னலை நம்பி மேடை ஏற முடியாது.

மாதம் ஒருமுறை அடிமூடியைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷால் பஞ்சைத் துடைக்கிறான். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பெனியில் டேபிள் துடைக்கும் பெரிய ஏர் கன்னை இதற்குக் கொண்டுவரக் கூடாது. அந்த அழுத்தம் ஃபேனையே உடைத்துவிடும்.

கரன்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் லேப்டாப்பை பேட்டரி காப்பாற்றும். ஆனால் கன்ட்ரோலருக்குத் தனி அடாப்டர் இருந்தால் அது அணையும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், சார்ஜரை ஒரு நிமிஷம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த்திங் சரியில்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துப் போடும் 'ஐடியா'வை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

பழைய லேப்டாப்புக்கும் வேலை உண்டு

மிச்சமிருந்த பணத்தில் பழைய லேப்டாப்புக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, ஃபேனைச் சுத்தம் செய்தோம். அதில் லினக்ஸும், 'மிக்ஸ்' என்ற இலவச டிஜே மென்பொருளும் ஏற்றினான் (ஆங்கிலத்தில் அதன் பெயரில் மூன்று எக்ஸ் வரும், தேடும்போது கவனம்). காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க முடியாதவர்கள் இதிலேயே தொழில் பழகலாம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை பல வீடுகளில் பீரோ மேல் தூங்குகின்றன. அவற்றையும் இப்படிப் பழகுவதற்கு முயன்று பார்க்கலாம்.

இப்போது மண்டபத்துக்கு இரண்டும் போகின்றன. அதற்கும் மேலாக, முதல் ஒரு மணி நேரத்துக்கான பாட்டுகள் செல்போனில் இருக்கின்றன. செல்போன் ஒயர், சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரில் தனிச் சேனலில் எப்போதும் செருகியே இருக்கும். எது நின்றாலும் ஒரு தள்ளுகட்டையை மேலே தூக்கினால் போதும். ஆறு நிமிஷ மௌனம் மூன்று நொடியாகிவிடும். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. முதல் நாளே செய்திருக்கலாம். அடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு மேல்...

தொழில் செய்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாலு பக்கமும் மூடிய அரங்கத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைப்பதற்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. "இன்னும் ஒரே ஒரு பாட்டு தம்பி" என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் கெஞ்சும்போது இந்த விதியைச் சொல்லிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்தவரோ, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருக்கலாம்.

இன்னொன்று, காப்புரிமை. கல்யாணத்திலும் அதையொட்டிய சடங்கு, ஊர்வலம், கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது என்று 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைச் சுற்றறிக்கையாகத் தெளிவுபடுத்தியது. ஆனால் ஹோட்டலில் நடக்கும் புத்தாண்டு பார்ட்டி, டிக்கெட் போட்ட நிகழ்ச்சி போன்றவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அங்கே உரிமம் யார் எடுப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கை வைத்துப் பார்த்தார்

வைகாசியில் எங்கள் சொந்தத்திலேயே ஒரு கல்யாணம். அவிநாசி பக்கம் மண்டபம். டிஜே யார் என்று கேட்கவே வேண்டாம். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் மேடையைப் பார்க்கவில்லை. நாலு மணி நேரமும் மகனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை கரன்ட் போய், ஜெனரேட்டர் வந்தது. விளக்குகள் அணைந்து எரிந்தன. சவுண்ட் சர்வீஸ்காரர் ஆம்ப்ளிஃபயரையும் யுபிஎஸ்ஸில்தான் வைத்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா மட்டும் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒலியை மெல்லக் குறைத்து நிறுத்தினான். கேட்டவர்களிடம், "பத்து மணிங்க" என்றான்.

கூட்டம் பந்திக்குக் கலைந்த பிறகு, அப்புச்சி கைத்தடியை ஊன்றி எழுந்து மேஜைப் பக்கம் போனார். யாரையும் கேட்கவில்லை. லேப்டாப்பை லேசாகத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"வெதுவெதுன்னுதான் இருக்குது. போய்ச் சாப்பிடு, போ" என்றார் பேரனிடம்.